அண்ணனின் பஸ் நம்பர்

அத்தியாயம் 14

"நேரா என் ரூமுக்கு வா. கம்ப்யூட்டரைத் தொடாத."

துறைத் தலைவி போனில் சொன்ன இந்த இரண்டு வாக்கியங்களோடு போன வாரம் புள்ளியைப் பஸ் ஸ்டாப்பில் நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள், பாவம். முதலில் அவளை ஏற்றிவிடுவோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. புள்ளி என்பது அவளுடைய அண்ணன் வைத்த பெயர். பல்கலைக்கழக மருத்துவமனையில் அவளுக்குப் புள்ளியியல் வேலை. ஒரு புது மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா, இல்லை செய்வதுபோல் நமக்குத்தான் தோன்றுகிறதா என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். "எங்க வீட்டுல பெரிய புள்ளி ஒருத்தி இருக்கா" என்று அண்ணன் பஸ் டெப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். அவன் டிரைவர். டிரைவராக இருந்தான் என்று திருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு வருடமாக அவன் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வருகிறது. முதலில் மாடிப்படி போயிற்று, அப்புறம் ஸ்டியரிங் போயிற்று, இப்போது மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

அந்த நோய்க்கு ஒரு புது மாத்திரையைத்தான் புள்ளி வேலை பார்க்கும் இடத்தில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்குப் பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி, ஆனால் உள்ளே ஒன்றுமில்லாத சும்மா மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது, விழுங்குகிறவருக்கும் தெரியாது. அண்ணன் அதில் சேர்ந்த அன்றைக்கே புள்ளி தலைவியிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்தச் சோதனையின் பக்கமே அவளை அண்டவிடவில்லை. அவள் டீ எடுக்க உள்ளே நுழைந்தால் போதும், பேச்சு சட்டென்று மழைக்கும் பார்க்கிங்குக்கும் மாறிவிடும்.

அண்ணிதான் விடவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி லிஃப்டில் வைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிஜ மாத்திரையா, சும்மாவா? வாயால சொல்ல வேண்டாம். தலையை மட்டும் ஆட்டு."

புள்ளி தலையை ஆட்டவில்லை. "கவலைப்படாம இருங்க அண்ணி. வேளை தவறாம மாத்திரையைக் குடுங்க, போதும்" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு வருகிற ஆறுதல் அவ்வளவுதான். கணக்குப் போடுகிறவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்ல வராது என்று நான் சொல்ல மாட்டேன். இவளுக்கு வராது.

சரி, பஸ் வந்துவிட்டது.

*

தலைவியின் அறையில் ஜன்னல் திரை பாதி இறங்கியிருந்தது. மேஜையில் நேற்றைய காபிக் கோப்பை கழுவாமல் இருந்தது. எதையும் ஒழுங்காக வைத்துக்கொள்கிற பெண்மணி அவர். அந்தக் கோப்பையைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று புள்ளிக்குத் தெரிந்துவிட்டது.

"கதவைச் சாத்திட்டு உட்காரும்மா."

உட்கார்ந்தாள்.

"உங்க அண்ணன் இருக்கற சோதனையை நேத்து சாயங்காலம் நிறுத்தியாச்சு."

இப்படி ஒரு சோதனையைப் பாதியில் நிறுத்துவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மருந்து ஆளைக் கெடுக்கிறது என்றால் நிறுத்துவார்கள். மருந்து நன்றாக வேலை செய்கிறது, இதற்கு மேலும் பாதிப் பேருக்கு அதைக் கொடுக்காமல் வைத்திருப்பது பாவம் என்றாலும் நிறுத்துவார்கள். எது என்று அவர் முகத்தில் தேடினாள்.

"நல்லதுக்குத்தான்" என்றார் தலைவி. "மருந்து கேக்குது. நாம எதிர்பார்த்ததை விடவே நல்லா. மத்தியானம் எல்லாருக்கும் சொல்லப் போறோம். நோயாளிகளுக்கும் இன்னிக்கே போன் போயிடும்."

புள்ளிக்குக் கண் நிறைந்துவிட்டது. பையில் கைக்குட்டையைத் தேடினாள். அது கிடைப்பதற்குள் தலைவி சொன்னார்: "ஆனா அதுக்காக உன்னைக் கூப்பிடல."

கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஒரு புரோகிராம். அதன் தொடக்கத்தில் ஓர் எண். 4719.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். யாருக்கு மருந்து, யாருக்குச் சும்மா மாத்திரை என்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். குலுக்குவது கம்ப்யூட்டர். ஆனால் அதற்குத் தானாகக் குலுக்கத் தெரியாது. ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து ஆரம்பித்து, குலுக்கிய மாதிரியே ஒரு வரிசையைக் கொடுக்கும். மறுபடி அதே எண்ணைக் கொடுத்தால் மறுபடி அதே வரிசை, ஓர் இடம் கூடப் பிசகாமல் வரும். அந்த எண்ணுக்கு இவர்கள் தொழிலில் விதை என்று பெயர். புரோகிராமை எழுதுகிறவர் பரிசோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு விதையைப் போடுவார். பிறகு வேறொருவர் அதை அழித்து, தனக்கு மட்டும் தெரிந்த வேறு விதையைப் போட்டு நிஜ வரிசையை உண்டாக்கிப் பூட்டி வைத்துவிடுவார். எழுதியவருக்குக் கூட யாருக்கு எது என்று தெரியக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

மூன்று வருடத்துக்கு முன்னால், அண்ணன் கல்லுக்குண்டாக இருந்த காலத்தில், இந்தப் புரோகிராமை எழுதியது புள்ளி.

"இது என்ன நம்பர்?" என்று தலைவி கேட்டார்.

"பரிசோதனைக்காக நான் போட்டது மேடம். எங்க அண்ணன் ஓட்டின பஸ்ஸோட நம்பர்."

காலேஜ் படிக்கும்போது அந்தப் பஸ்ஸில்தான் போவாள். அவள் தெருமுனையில் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால் அண்ணன் ஸ்டாப்பை விட்டு எடுக்க மாட்டான். பின்னால் ஆபீஸ் போகிறவர்கள் கத்துவார்கள். "ஒரு பெரிய புள்ளி வரணும் சார், பொறுங்க" என்பான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எங்கே ஓர் எண் தேவைப்பட்டாலும் அவள் விரல் இதைத்தான் தட்டும்.

"அவர் இதை மாத்தவே இல்லைம்மா" என்றார் தலைவி. அவர் என்றது, ஓய்வு பெற்றுப் போய்விட்ட மூத்த புள்ளியியலாளர். "ஓட்டிப் பார்த்திருக்கார். வரிசை சரியா வந்திருக்கு. சரியா இருக்கேன்னு அதையே பூட்டிட்டார். முடிக்கறப்போ வழக்கமாச் சரிபார்ப்போம்ல, நேத்து ராத்திரி அப்பத்தான் பார்த்தேன்."

புள்ளிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. எழுதிய புரோகிராமும் அவளிடம் இருக்கிறது, விதையும் அவள் மனசில் இருக்கிறது. இந்த ஒன்றரை வருடத்தில் எந்த நாள் வேண்டுமானாலும், தன் மேஜையில் உட்கார்ந்தபடியே, ஒரு பொத்தானை அமுக்கி அண்ணன் என்ன விழுங்குகிறான் என்று அவள் பார்த்திருக்கலாம்.

"நாளைக்குக் காலையில கமிட்டி உன்னைக் கேக்கும். அதுக்கு முன்னாடி நான் கேக்கறேன். பார்த்தியா? யார்கிட்டயாவது ஏதாவது சொன்னியா?"

கோபம் வந்தது அவளுக்கு. பதினோரு வருட வேலையில் ஒரு நாள் கூட இப்படி ஒரு கேள்வியை அவள் கேட்கவைத்ததில்லை.

"மேடம், நான் பார்த்திருந்தா, எங்க அண்ணன் சும்மா மாத்திரையைத்தான் முழுங்கறான்னு தெரிஞ்சிருந்தா, நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேனா? அவனை அதுலேர்ந்து வெளிய இழுத்துட்டு வந்திருக்க மாட்டேனா?"

வாதத்துக்காகச் சொன்னதுதான். 'அவருக்குச் சும்மா மாத்திரைன்னு யார் சொன்னா' என்று தலைவி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பாதி இறங்கிய ஜன்னல் திரையைப் பார்த்தார். அப்புறம் காபிக் கோப்பையைப் பார்த்தார். எத்தனையோ ரகசியங்களை முகத்தில் காட்டாமல் வைத்திருந்த மனுஷி, ராத்திரி முழுக்கத் தூங்காததால் அன்றைக்கு முடியாமல் போயிற்று.

"நான் எதுவும் சொல்லலைம்மா" என்றார், மிகவும் தாமதமாக.

அண்ணனுக்குச் சும்மா மாத்திரைதான் என்று புள்ளிக்குப் புரிந்துவிட்டது.

எந்த எண்ணைப் போட்டிருந்தாலும் பாதிக்குப் பாதி வாய்ப்புதான். 4719 போட்டாலும் அதேதான், 4720 போட்டாலும் அதேதான். இதை வருஷா வருஷம் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவள் அவள். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தனக்குத் தானே அதைப் பலமுறை சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. அண்ணன் பேரில் இருந்த பிரியத்தில் போட்ட எண். அதே எண்தான் அவனை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது.

*

மத்தியானம் கூட்ட அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். இந்த இடத்தில் ஒரு மருந்து ஜெயிப்பது அபூர்வம். பத்து வருட உழைப்பு பெரும்பாலும் 'வித்தியாசம் இல்லை' என்ற ஒரு வரியில் முடிந்துபோகும். யாரோ கேக் வாங்கி வந்திருந்தார்கள். ரத்தம் எடுக்கிற நர்ஸ் அழுதுகொண்டே சிரித்தாள்.

புள்ளியும் கைதட்டினாள். தட்ட வேண்டிய விஷயம்தானே? இனி வருகிற நோயாளிகள் எத்தனையோ பேருக்கு மூச்சு மிச்சமாகும். அது அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததில் அவளுக்கே அவள்மேல் ஆத்திரம் வந்தது.

நர்ஸ் வந்து கட்டிக்கொண்டாள். "உங்க அண்ணனுக்கும் இனிமே நல்ல காலம்தான்."

"ஆமா" என்றாள் புள்ளி. பாதிப் பேருக்குச் சும்மா மாத்திரை என்று அவள் எத்தனை சோதனைக்கு எழுதியிருப்பாள். அந்தப் பாதிப் பேருக்கும் வீட்டில் ஒரு தங்கச்சி இருப்பாள் என்று ஒரு நாளும் அவள் நினைத்துப் பார்த்ததில்லை. கேக்கைக் காகிதத் தட்டோடு ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

*

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"போன் வந்துச்சு. மருந்து வேலை செய்யுதாம். நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்காங்க, யார் யாருக்கு என்ன குடுத்தாங்கன்னு அப்போ சொல்வாங்களாம். அவங்க என்ன சொல்றது, நமக்குத் தெரியாததா?"

அண்ணி தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டியிருந்தாள். அவள் முகத்தை இப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று புள்ளிக்கு நினைவில்லை. "அண்ணன் எங்கே?" என்று மட்டும் கேட்டாள்.

"ஜன்னல்கிட்ட. துரை இன்னிக்கு ஒரே அமைதி. சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சோ என்னவோ. போய்ப் பேசிட்டிரு, நான் காபி போடறேன்."

அண்ணன் சாய்வு நாற்காலியில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆக்சிஜன் மெஷின் மூலையில் முனகிக்கொண்டிருந்தது. தொடையில் செல்போன்.

"வாங்க பெரிய புள்ளி" என்றான். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. "கதவைக் கொஞ்சம் சாத்து."

காலையில் கேட்ட அதே வார்த்தை. சாத்தினாள்.

"நான் சுண்ணாம்புதானே முழுங்கிட்டிருந்தேன்?"

"அண்ணா, எனக்கு அதெல்லாம்..."

"உன்னைக் கேக்கல. சொல்றேன். இருபது வருஷம் வண்டி ஓட்டினவன். எஞ்சின்ல எண்ணெய் ஊத்தியிருக்கா, தண்ணி ஊத்தியிருக்கான்னு... எனக்குத் தெரியாதா?" நிறுத்தி, இளைத்து, மறுபடி ஆரம்பித்தான். "மூணாம் மாசமே தெரிஞ்சுபோச்சு. அவ ஆசையாக் குடுப்பா, தண்ணி டம்ளரோட. வாங்கி முழுங்கிடுவேன்."

"ஏன் சொல்லல? வெளிய வந்திருக்கலாமே?"

"வந்து? அவ முகம் செத்துப்போயிருக்கும். அப்புறம், யாராவது அந்தப் பக்கம் இருந்தாத்தானே... உன் கணக்கு வரும்? நீதான் சொல்லியிருக்கியே."

புள்ளி அவன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பஸ் நம்பரைச் சொல்லிவிடலாமா என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும். அதோடு தன்னை மன்னித்தும் விடுவான். அந்த மன்னிப்பை அவளால் தாங்க முடியாது.

"இனிமே நிஜ மருந்து குடுப்பாங்கல்ல?" என்றான்.

"குடுப்பாங்க. ஆனா இறுகினதை அது இளக்காதுண்ணா. மேற்கொண்டு இறுகாம பார்த்துக்கும். அதுவும் ஒரு அளவுக்குக் கீழே போயிட்டா..."

"ஒண்ணும் பண்ணாது. தெரியும்." அண்ணன் தொடையில் இருந்த போனைத் தட்டினான். "பரவாயில்லை. மாத்து நுரையீரல் வைக்கறதுக்கு வேற ஆஸ்பத்திரில எழுதி வச்சிருக்கோம்ல. ஆபரேஷனுக்கு முன்னால பரிசோதனைக்குக் கூப்பிடுவோம், வந்து படுத்தாப் போதும்னு அந்த ஆஸ்பத்திரில சொன்னாங்க. நாலு மாசமாப் போச்சு. வரிசை பெருசா இருக்கும்போல. வரட்டும். அதுவரைக்கும் ரிசர்வ்ல ஓட்டிடுவேன்."

"ஓட்டிடுவே" என்றாள்.

"அவகிட்ட இன்னிக்குச் சொல்லாத. ஒரு ராத்திரி நிம்மதியாத் தூங்கட்டும். நாளைக்கு டாக்டர் சொல்லிக்கட்டும்."

தலையாட்டினாள்.

*

சமையலறையில் அண்ணி பாலைப் பொங்கவிட்டு, அதையும் சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கேன் தெரியுமா?" என்றாள் திரும்பாமலே. "நாளைக்கு அந்த டாக்டர்கிட்டயே சொல்லப்போறேன். எல்லாம் எங்க நாத்தனாராலதான்னு."

"நான் என்ன அண்ணி பண்ணினேன்?"

"லிஃப்ட்ல சொன்னியே, கவலைப்படாம இருங்கன்னு. வேளை தவறாம குடுங்கன்னு. நேரா சொல்ல முடியாது, உன் வேலை அப்படி. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அன்னிக்குத்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

புள்ளி மறுக்க வாயெடுப்பதற்குள் அண்ணி தொடர்ந்தாள்.

"அதுக்கு மறுநாளே அந்த மாத்து நுரையீரல் ஆஸ்பத்திரிலேர்ந்து போன். உங்கண்ணன் தூங்கிட்டிருந்தாரு. பரிசோதனைக்கு இடம் காலியா இருக்கு, அடுத்த வாரமே கூட்டிட்டு வாங்கன்னாங்க. நெஞ்சைத் திறக்கறதுன்னா சும்மாவா? ஆள் பிழைச்சு வருவாரான்னு யாருக்குத் தெரியும்? மருந்துதான் கேக்குதே. வேண்டாம்மா, எங்களுக்குத் தேவைப்படாது, வேற யாருக்காவது குடுங்கன்னு சொல்லிட்டேன். ரெண்டு தடவை கேட்டாங்க, நிச்சயமான்னு. நிச்சயம்னேன். பேரை எடுத்துடறோம்னாங்க." அண்ணி துணியைப் பிழிந்து குழாய் மேல் போட்டாள். "அவர்கிட்ட சொல்லல. சொன்னா, என்னைக் கேக்காம எப்படிச் சொன்னேன்னு குதிப்பாரு. இனிமே சொல்லலாம்ல?"

கேட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"என்ன? ஏன் இப்படி நிக்கறே?"

"அண்ணி, நான் அன்னிக்கு எதுவும் சொல்லல. எனக்கு எதுவும் தெரியாது."

"சரி, தெரியாது. யார் கேட்டாலும் தெரியாதுன்னே சொல்றேன், போதுமா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள், சிரிப்பைப் பாதியிலேயே விட்டுவிட்டாள். அவளுக்குக் கணக்கு வராது. முகம் படிக்க வரும். கிட்டே வந்து நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தாள், லிஃப்டில் பிடித்த மாதிரியே.

"நிஜ மாத்திரைதானே?" அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது. "வாயால சொல்ல வேண்டாம். தலையை மட்டும் ஆட்டு."

புள்ளி அசையவில்லை. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவள் ஒரே ஒரு முறை தலையாட்டியிருந்தால் போதும். அன்றைக்கு மூன்றாவது முறையாக அவளிடம் ஓர் உண்மையைக் கேட்கிறார்கள். இந்த முறையும் அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

அண்ணி கையை விட்டாள். அடுப்பை அணைத்தாள். பிறகு, புதுச் சேலையோடு, பால் கொட்டிய ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அழவில்லை. "ரெண்டு தடவை கேட்டாங்க" என்றாள். "நிச்சயமான்னு ரெண்டு தடவை கேட்டாங்க."

புள்ளியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுபடி பேரைச் சேர்க்க முடியுமா, யாரைக் கேட்பது, நாளைக் காலை கமிட்டி 'யாரிடமாவது ஏதாவது சொன்னாயா' என்று கேட்டால் என்ன சொல்வது, அதே நேரம் ஆஸ்பத்திரியின் கீழ் மாடியில் அண்ணி டாக்டரிடம் என்ன சொல்வாள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது.

"புள்ளி" என்று உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். அண்ணி எழுந்திருக்கவில்லை. நீ போ என்பதுபோல் கையைக் காட்டினாள்.

அவன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். போனை அவள் பக்கம் நீட்டினான்.

"சார்ஜ் இருக்கா பாரு. நான் கொஞ்சம் தூங்கறேன். அந்த ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்பிட்டா எழுப்பு, என்ன?"

"எழுப்பறேன்ணா" என்றாள்.

சார்ஜரைத் தேடி எடுத்துச் செருகினாள். மணிச் சத்தத்தை முழுக்கக் கூட்டி, அவன் காதுக்குப் பக்கத்தில் தலையணை மேல் போனை வைத்தாள்.